இருகரைக்கு நாற்பது மதிப்பெண்

மே மாதம் பிறந்துவிட்டால் மைசூரில் மாம்பழங்களும் பேராசிரியர்களும் அடிபட்டு வருவது வழக்கம். மாம்பழங்கள் மண்டி மொஹல்லா சந்தைக்கு வரும். பேராசிரியர்கள் மோலி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் பத்தொன்பது வருடமாக நர்சாக இருக்கும் மோலிக்குக் காயத்தைப் பார்த்தே பாடத்தைச் சொல்லிவிட முடியும். நெற்றியில் நேர்கோடாக வெட்டு இருந்தால் வணிகவியல். ஸ்டீல் அளவுகோலின் வேலை. கை வெந்திருந்தால் வேதியியல். காதில் பல் பதிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், இலக்கியம்.

ஆகவே மகள் கேரலின் புராஜெக்ட் மதிப்பீட்டு நாளன்று மோலி டிபன் பையில் புளியோகரே டப்பாவுக்குப் பக்கத்தில் பஞ்சுச் சுருளையும் இரண்டு பேண்டேஜையும் டிஞ்சர் பாட்டிலையும் வைத்தாள்.

"அம்மா, அடி வாங்கப்போறது நான் இல்ல. எக்ஸாமினருங்க."

"பக்கத்துல நிக்கறவங்களுக்கும் படும்டி. போன வருஷம் ஸ்டேப்ளர் மண்டையில பட்டு ஒரு பொண்ணு வந்துது. பாஸாயிட்டா, பாவம். மூணு நாள் கழிச்சுக் கண்ணத் தொறந்தப்பதான் அது அவளுக்கே தெரிஞ்சுது." மோலி பையின் ஜிப்பை இழுத்தாள். "உங்க டிபார்ட்மென்ட் வேற புதுசு. ஜர்னலிசத்துல என்ன அடி படும்னு எங்க வார்டுல யாருக்கும் தெரியாது."

கேரல் இதழியல் மூன்றாம் ஆண்டு. பெங்களூரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை தேர்ச்சிச் சான்றோடு போய் நிற்க வேண்டும். மற்றத் தாள்கள் எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். பாக்கி இந்த ஒரு புராஜெக்ட்தான். நூற்றுக்கு நாற்பது வாங்கினால் திங்கட்கிழமை பெங்களூர். முப்பத்தொன்பது என்றால் அடுத்த மே.

புராஜெக்ட் என்பது ஒரு வட்டார இதழும் அதற்கான விளம்பரங்களும். கேரல் தன் இதழுக்கு 'இருகரை' என்று பெயர் வைத்திருந்தாள். கோபிநத்தத்தில் தொடங்கி குண்டலுபேட்டை வரை, இரண்டு மாநிலமும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் ஊர்களின் இதழ். இடப்பக்கம் கன்னடம், வலப்பக்கம் தமிழ். பரிசல்காரர் ஒருவரிடம் இரண்டு நாள் பரிசலிலேயே உட்கார்ந்து பேசி எழுதியிருந்தாள். சாமந்தித் தோட்டத்தில் ஒரு வாரம் கிடந்திருந்தாள். அதை யாராவது படிக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தது. மூன்றாம் ஆண்டு மாணவிக்கு அது கொஞ்சம் அதிகமான ஆசைதான்.

இதழ் மினுங்கும் வண்ண அட்டையோடுதான் அச்சாகி வந்தது. ஆனால் பல்கலைக்கழக விதிப்படி எந்தப் புராஜெக்டும் கறுப்பு ரெக்சின் பைண்டிங்கில், பொன்னெழுத்தில் இருக்க வேண்டும். பைண்டிங் கடைக்காரர் வண்ண அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, செங்கல் கனத்துக்கு மில்போர்டு அட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

"இது மேகசின், அண்ணா. ஜனங்க பஸ்ல வச்சுப் படிக்கறது."

"இருக்கட்டும்மா. உங்க காலேஜ்ல இதப் படிக்கவா போறாங்க?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள, சமன்செய்தல் என்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

புராஜெக்டுக்கு இரண்டு மதிப்பீட்டாளர்கள். ஒருவர் கல்லூரிக்காரர், மற்றவர் வெளியூர்க்காரர். இருவர் போடும் மதிப்பெண்ணுக்கும் பத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைவான மதிப்பெண்ணே மாணவருக்குச் சேரும். பல வருடங்களுக்கு முன்பு எப்போதோ இரண்டு பேராசிரியர்கள் வித்தியாசத்தைக் குறைப்பது பற்றிப் பேசும்போது வார்த்தை தடித்துக் கைகலந்துவிட்டார்கள். கூட்டக் குறிப்பு எழுதிய எழுத்தர் அதை 'விவாதம்' என்ற தலைப்பில் எழுதாமல் 'நடைமுறை' என்ற தலைப்பில் எழுதிவிட்டார். அடுத்த ஆண்டு குறிப்பு நிறைவேற்றப்பட்டது. அதற்கடுத்த ஆண்டு அது விதி. இப்போது அதற்குச் சமன்செய்தல் என்று பெயர், தனியாக ஒரு படிவமும் உண்டு.

துறை வராந்தாவில் கேரல் காத்திருந்தபோது உள்ளேயிருந்து வகுப்புத்தோழன் நிகில் வெளியே வந்தான். சட்டையில் ரத்தம் தெறித்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"அறுபத்தஞ்சு! ஜகதீசன் சார் இன்னிக்கு செம ஃபார்ம்ல இருக்காரு, கேரல்."

"உன் மேகசின் பத்தி என்ன சொன்னாங்க?"

"யாரு?"

"எக்ஸாமினருங்க."

நிகில் சற்று யோசித்தான். "பைண்டிங் நல்லா தாங்குச்சுன்னாங்க" என்றான்.

உள்ளே அறையில் பெஞ்சுகள் சுவரோரம் தள்ளப்பட்டிருந்தன. நடுவில் ஒரு மேசை. கடைநிலை ஊழியர் நஞ்சம்மா முந்தைய மாணவனின் ரத்தத்தை ஈரத்துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். மதிப்பீட்டுக் குழுவின் தலைவர் முனைவர் மீனாக்ஷி கரும்பலகையருகே சாக்பீசோடு நின்றார்.

கல்லூரி மதிப்பீட்டாளர் ஜகதீசன், ரயில்வே வேலைக்காக மைசூர் வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. வீட்டில் தமிழ் பேசுவார். படிக்கக் கன்னடம் மட்டுமே வரும். வெளியூர் மதிப்பீட்டாளர் மாணிக்கவாசகம் நாமக்கல்லிலிருந்து வந்தவர். ஒல்லியான மனிதர், கல்லூரி நாட்களில் கபடி ஆடியவர். கன்னடத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. மிகவும் மரியாதைப்பட்டவர்.

"சாருக்கு பிரஷர் கிஷர் இருக்குதுங்களா?" என்று அவர் ஜகதீசனைக் கேட்டார்.

"பிரஷர் இல்லப்பா. சுகர்."

"அப்பச் சரிங்க. கால்ல அடிக்க மாட்டேன். புண்ணு ஆறாதுங்க."

மீனாக்ஷி தொண்டையைச் செருமினார். ஒவ்வொரு மாணவருக்கும் முன்பாக ஓர் உரை ஆற்ற வேண்டும் என்பது விதி.

"அன்புள்ள மாணவி. எங்கள் மதிப்பீட்டு முறையை வெளியே சிலர் வன்முறை என்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். முப்பத்தோரு ஆண்டுகளில் மதிப்பெண் பற்றி எங்களுக்கு ஒரு புகார்கூட வந்ததில்லை. புகார் கொடுக்க வருபவர்களுக்கும் இதே நடைமுறைதான். எங்களிடம் பாரபட்சம் கிடையாது. மதிப்பீட்டாளர்கள் புராஜெக்டைத் திறப்பதற்கு முன்பே மதிப்பெண்ணை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். திறந்த பிறகு எழுதினால் உள்ளே இருப்பதன் பக்கம் மனம் சாய்ந்துவிடும் அல்லவா? அறிவு என்பது மோதலில் பிறக்கிறது. இந்தக் கட்டடத்தில் எத்தனை அறிவு பிறந்திருக்கிறது என்று நஞ்சம்மாவைக் கேட்டால் தெரியும்."

"தினம் நாலு பக்கெட்டும்மா" என்றார் நஞ்சம்மா, துடைத்தபடியே.

மதிப்பெண் சீட்டுகள் பிரிக்கப்பட்டன. ஜகதீசன் தொண்ணூறு. துறையின் தேர்ச்சி விகிதத்துக்காக அவர் எல்லோருக்கும் தொண்ணூறு போடுவார். மாணிக்கவாசகம் இருபது. கண்டிப்பானவர் என்று பெயர் வாங்கினால்தான் அடுத்த வருடமும் கூப்பிடுவார்கள். மீனாக்ஷி இரண்டையும் பலகையில் எழுதினார்.

"ஒரு முறை விழுந்தால் ஐந்து மதிப்பெண் விட்டுக்கொடுக்க வேண்டும். இவர் விழுந்தால் குறையும், அவர் விழுந்தால் கூடும். ஐந்து மணிக்குப் பட்டியலுக்குச் சீல் வைப்பேன். முதலில் சரிபார்ப்பு. விளம்பரங்கள் எத்தனை?"

"நாலு, மேடம்."

"கருதுகோள்?"

"விளம்பரத்துக்கா மேடம்?"

"எதுவாக இருந்தாலும் கருதுகோள் வேண்டும்." மீனாக்ஷி ஒரு கட்டத்தில் பெருக்கல் குறி போட்டார்.

மாணிக்கவாசகம் அளவுகோலோடு இதழைத் திறந்தார். படிக்கப்போகிறார் என்று கேரல் ஓர் அடி முன்னால் வந்தாள். அவர் ஓரத்தில் விட்ட இடத்தை மட்டும் அளந்தார். பிறகு புருவத்தைச் சுருக்கினார்.

"அம்மிணி, எடப்பக்கம் எழுத்து இருக்குதுங்களே?"

மீனாக்ஷி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "பதினான்காம் விதி. இடப்பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நிராகரிக்கலாம், அல்லது இடப்பக்கங்களை நீக்கிக் குறையைச் சரிசெய்யலாம்."

"நிராகரிக்க வேண்டாமுங்க. பாவம், புள்ள கஷ்டப்பட்டிருக்குது" என்று மாணிக்கவாசகம் பேப்பர் வெட்டும் கத்தியை எடுத்தார்.

"சார், அது கன்னடப் பக்கம்! பாதி மேகசின் சார் அது!"

"கேரல், சும்னெ நில்லம்மா. ரூல்னா ரூல்தான்" என்றார் ஜகதீசன், தான் படிக்கக்கூடிய பாதி போவதைப் பார்த்துக்கொண்டே.

கத்தி நல்ல கூர். முதல் தாள் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது தாளில்தான் கேரலுக்கு உறைத்தது.

"சார், நிறுத்துங்க! ஒரு தாளுக்கு ரெண்டு பக்கம் இருக்கு சார்!"

"சரிபார்ப்பின்போது மாணவர் பேசக் கூடாது" என்று மீனாக்ஷி எழுதிக்கொண்டார்.

மாணிக்கவாசகம் ஒரு தாள்கூடக் கோணலாகாமல் கடைசி வரை வெட்டி முடித்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் வலப்பக்கங்களைப் பார்ப்பதற்காகக் கறுப்பு அட்டையைத் திறந்தார். உள்ளே வலப்பக்கம் எதுவும் இல்லை.

மூவருக்கும் அது புரியவில்லை. வாழ்நாள் முழுவதும் ஒரு பக்கம் மட்டும் அச்சான புராஜெக்டுகளை ஆயிரக்கணக்கில் பார்த்துப் பார்த்து, தாளுக்குப் பின்புறமும் உண்டு என்ற செய்தி அவர்களிடமிருந்து மெல்ல நழுவிப் போயிருந்தது. மிஞ்சியது நடுவில் ஒட்டிய ஒரே ஒரு தடித்த தாள். நான்கு விளம்பரங்களும் அதில்தான் இருந்தன. பின்புறம் வெள்ளை. ஆகவே சட்டப்படி அது செல்லும்.

"வலப்பக்கமெல்லாம் எங்கீங்க?" மாணிக்கவாசகத்தின் குரல் மாறியது. "நீங்கதானுங்களே பக்கத்துல நின்னீங்க?"

"நான் எதுக்கய்யா எடுக்கறேன்? எனக்குத் தமிழ் படிக்கவே வராது!"

"படிக்க வராதவங்கதானுங்க எடுப்பாங்க."

ஜகதீசன் முதல் அடியை டஸ்டரால் கொடுத்தார். சுண்ணாம்புத் தூள் மேகமாக எழும்பியது. அது அடங்குவதற்குள் மாணிக்கவாசகம் தரையில் கிடந்தார். பலகையில் இருபது அழிந்து இருபத்தைந்தானது. கேரல் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். இன்னும் மூன்றே முறை.

ஆனால் கபடிக்காரர் தரையில் கிடக்கும்போதுதான் ஆபத்து. கணுக்காலைப் பிடித்து இழுத்தார். ஜகதீசனின் பின்மண்டை பெஞ்சில் மோதிய சத்தம் தேங்காய் உடைத்ததுபோல் கேட்டது. எண்பத்தைந்து. எழுந்தவரின் மூக்கில் ஸ்டேப்ளர் இறங்கியது. எண்பது. மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதால் ஜகதீசன் வாயால் மூச்சு வாங்கினார். அந்த வாயில் கோப்பு அலமாரியின் இழுப்பறை விழுந்தது. எழுபத்தைந்து, கூடவே இரண்டு பற்கள். நஞ்சம்மா பற்களைப் பொறுக்கி, பேர் எழுதிய உறையில் போட்டார். அதற்கென்று உறைகள் தயாராக இருந்தன.

ரத்தம் வழுக்கியது. நஞ்சம்மா வெட்டிப்போட்ட தாள்களை எடுத்துத் தரையில் விரித்தார். கோபிநத்தத்துப் பரிசல்காரரின் முகம் ஓரத்திலிருந்து மெல்லச் சிவந்து, பரிசலோடு மூழ்கியது.

"அவருக்கு எடது கால் வழுக்குது சார்!" யாரோ கத்தினார்கள். "அங்க அடிங்க! எந்திரிங்க சார், அடிங்க!"

கத்தியது தான்தான் என்று கேரலுக்குச் சற்றுத் தாமதமாகத் தெரிந்தது. உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. முதலாண்டில் வானொலி அறிவிப்புக்கு அவள் நல்ல மதிப்பெண் வாங்கியவள்.

நாலே முக்கால் மணிக்கு ஜகதீசன் ஏழு முறை விழுந்திருந்தார். ஐம்பத்தைந்து. ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும் மனிதர், ஒரு கண் மூடிப்போன நிலையில், மூலையிலிருந்த கேமரா முக்காலியைத் தூக்கிச் சுழற்றினார். அது மாணிக்கவாசகத்தின் விலாவில் பட்டு, ஏதோ ஒன்று உள்ளே முறிந்தது. சுழற்றிய வேகத்தில் ஜகதீசனும் தடுமாறி, ஜன்னல் கம்பியில் முகத்தை மோதிக்கொண்டு விழுந்தார். மாணிக்கவாசகம் முப்பது. ஜகதீசன் ஐம்பது. ஜகதீசன் எழவில்லை.

நஞ்சம்மா அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். "உசிர் இருக்கு மேடம். அஷ்டே, அவ்ளோதான்."

"மகிழ்ச்சி" என்றார் மீனாக்ஷி. "கல்லூரி மதிப்பீட்டாளர் தொடர முடியாவிட்டால் அவர் இடத்தில் மாணவரே நிற்கலாம். கல்வியில் மாணவர் பங்கேற்பு எங்கே என்று தரச்சான்றுக் குழு கேட்டபோது சேர்த்த விதி. கேரல், நீ இரண்டு முறை விழுந்தால் நாற்பதும் முப்பதும். முடிவு முப்பது. அவர் இரண்டு முறை விழுந்தால் ஐம்பதும் நாற்பதும். முடிவு நாற்பது. பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது."

கேரல் மேசையிலிருந்த கறுப்பு அட்டையை எடுத்தாள். உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்ட பிறகு அது கைக்கு மிகவும் வாகாக இருந்தது.

மாணிக்கவாசகம் விலாவைப் பிடித்துக்கொண்டு குப்புறக் கிடந்தார். அவர் முகத்துக்கு நேர் கீழே விளம்பரத் தாள் விரிந்து கிடந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. உடம்பு குலுங்கியது. வலியில் அழுகிறார் என்று கேரல் நினைத்தாள். பிறகுதான் சிரிப்பு கேட்டது.

"'ஊட்டி போகிறோம் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் டயருக்குத் தெரியுமா?'" அவர் வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடி சிரித்தார். "பஞ்சர் கடைக்குங்களா? ஏனுங் அம்மிணி, இது நீங்க எழுதினதா?"

கேரல் ஓங்கிய அட்டையைத் தாழ்த்தினாள். "ஆமா சார்."

"'கௌரம்மா ஊறுகாய். சமைத்தவரை மன்னிக்க உதவும்.' அடடா! இந்தக் கௌரம்மா நெசமான ஆளுங்களா?"

"ஹனூர்ல இருக்காங்க சார். ஆறு தடவ போனேன். அஞ்சு தடவ கதவையே தொறக்கல."

"ஆறாவது தடவை?"

"ஊறுகாய் குடுத்துத் தொரத்திட்டாங்க சார்."

அவர் விலாவை அழுத்திக்கொண்டு சிரித்தார். "இருபத்திரண்டு வருசமாச்சுங்க, ஒரு புராஜெக்டப் படிச்சு. மேடம், எண்பது போட்டுக்கலாமுங்க."

"விழாமல் மதிப்பெண் கூட்டுவது முறைகேடு, சார்."

"சரிங்க, நானே ரெண்டு தடவ விழுந்துடறேன்."

"தானாக விழுவது அதைவிடப் பெரிய முறைகேடு. போன வருடம் ஒருவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தோம். ஒன்பது நிமிடம்."

மாணிக்கவாசகம் பெஞ்சைப் பிடித்து எழுந்து நின்றார். வேட்டை நாயிடம் கன்னத்தைக் கொடுப்பவர்போல் இல்லை. வீட்டுக்கு வந்தவருக்கு நாற்காலி இழுத்துப் போடுபவர்போல் முகத்தை நீட்டினார். "நல்லாவே அடிங்கம்மிணி. நாப்பது வேணுமில்லீங்களா?"

கேரல் அடித்தாள். கை தயங்கியதால் அடி தோளில் விழுந்தது. அவர் அசையக்கூட இல்லை.

"கணக்கில் வராது" என்றார் மீனாக்ஷி. "ஆறு நிமிடம்."

மறுபடி அடித்தாள். இம்முறை கன்னத்தில். அவர் முழங்கால் மடங்கிச் சாய்ந்தார். முப்பத்தைந்து. எழுந்திருக்க நேரமாயிற்று. தரையின் ஈரத்தில் கை வழுக்கியது. கேரல் கை கொடுத்துத் தூக்கப் போனாள். "மாணவர் உதவக் கூடாது" என்றார் மீனாக்ஷி. அவராகவே பெஞ்சுக் காலைப் பற்றி ஏறினார். விளம்பரத் தாளை விடாமல் கையோடு எடுத்து வந்திருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லட்டுங்களா?" தாளைக் கண்ணுக்கருகே பிடித்தார். ஒரு கண்தான் திறந்திருந்தது. "இந்த லாரித் தார்ப்பாய் விளம்பரம். 'வெங்காயத்துக்கும் ஒரு கூரை வேண்டும்.' யோசனை நல்லா இருக்குது. ஆனா கடைசீல போயி தட்டுதுங்க. வேண்டும்னு நீங்க சொல்லீட்டீங்க, படிக்கறவன் சொல்லிக்கறதுக்கு ஒண்ணுமே வைக்கல. அந்த எடத்துல மட்டும் வேற..."

எட்டு மாதங்களாகக் கேரலும் அந்த இடத்தில்தான் தட்டிக்கொண்டிருந்தாள். எதுவோ சரியில்லை என்று தெரியும். எது என்று தெரியாது. வகுப்பில் கேட்டாள், வீட்டில் கேட்டாள், தார்ப்பாய் கடைக்காரரிடமே கேட்டாள். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. இந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. அவர் உதடு அடுத்த சொல்லுக்காகக் குவிந்தது.

"ஒரு நிமிடம்" என்றார் மீனாக்ஷி, சீல் அரக்கைப் பற்றவைத்தபடி.

கேரல் இரண்டு கையாலும் அட்டையை ஓங்கி அடித்தாள்.

அந்த அடி தேவைக்கு மேல் பலமாக இருந்தது. அவளுக்கே தெரிந்தது. மாணிக்கவாசகத்தின் தலை மேசை முனையில் பட்டு, அவர் வாயில் இருந்த சொல் ஒரு முனகலாகி, உடம்பு கைகால் பரப்பி விழுந்தது. சாக்பீஸ் கிறீச்சிட்டது. நாற்பது.

"வாழ்த்துகள். தேர்ச்சி" என்றார் மீனாக்ஷி. "கடைசி அடியில் நல்ல தெளிவு."

கேரல் அவர் பக்கத்தில் மண்டியிட்டாள். டிபன் பையிலிருந்து பஞ்சை எடுத்து டிஞ்சரில் நனைத்து நெற்றியில் வைத்தாள். "சார். சார்! வேற என்ன போடணும் சார்? அந்த எடத்துல வேற என்ன?"

கொஞ்ச நேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்தார். கூரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். முகத்தில் அதே மரியாதை.

"வணக்கமுங்க. நீங்க அடுத்த ஸ்டூடன்டுங்களா?"

"சார், தார்ப்பாய் விளம்பரம்... ஏதோ சொல்ல வந்தீங்களே?"

அவள் தாளை அவர் முகத்தருகே பிடித்தாள். அவர் கண் அதன் ஓரம் வரை போய், ஓரத்தில் விட்ட இடத்தை அளப்பதுபோல் நின்று, திரும்பிவிட்டது.

"புராஜெக்டுங்களா? தொறந்து பாக்கோணுமுங்களா, மேடம்?"

"தேவையில்லை சார். முடிந்துவிட்டது" என்று மீனாக்ஷி பட்டியலை நீட்டி இடத்தைக் காட்டினார். மாணிக்கவாசகம் படுத்தபடியே கையெழுத்துப் போட்டார்.